வேஸ்ட் என்றால் எங்கள் ஊரில் வேறு பொருள்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டில், கழிவு மேலாண்மைப் பாடத்தைத் தொடங்குவதற்காக, "வேஸ்ட் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள்" என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். வாழைப்பழத் தோல், பால் கவர் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருந்தேன். இரண்டாம் வரிசையிலிருந்த பையன் ஒருவன் எழுந்து, "பனியன் வேஸ்ட்டுங் டீச்சர். வெள்ளைக்குத்தான் நல்ல வெலைங். கலர் கம்மிங்" என்றான். அவனுடைய மாமா மங்கலம் சாலையில் வேஸ்ட் குடோன் வைத்திருக்கிறாராம்.

அந்தப் பதிலைத் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை. திருப்பூரில் வேஸ்ட் என்பது தரம் பிரித்து, எடைபோட்டு, முன்பணம் கொடுத்து வாங்கும் சரக்கு. காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்த எனக்கு இன்னொரு சொல்லும் அப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் அப்பாரு குப்பை என்று சொன்னால் அது எருவைத்தான் குறிக்கும். சித்திரை, வைகாசியில் சந்தையில் எதிர்ப்படுகிறவர்கள் "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சுங்களா?" என்றுதான் விசாரிப்பார்கள், கட்டுத்தரைச் சாணமும் அடுப்புச் சாம்பலும் மாடு தின்று கழித்த சோளத்தட்டும் மாதக்கணக்கில் மட்கிக் கிடந்த குழியிலிருந்து வண்டி வண்டியாகக் காட்டுக்குப் போகும். தூக்கி எறியும் பொருளுக்காக நான் பாடத்தில் வைத்திருந்த இரண்டு சொற்களுமே, இந்த வட்டாரத்தில், விலையுள்ள சரக்கின் பெயர்களாக இருந்தன.

கழிவு பற்றிக் கற்பிக்க என்ன துணைக்கருவிகள் வைத்திருக்கிறீர்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லி வந்ததையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். அந்தப் பையனின் பதிலுக்குப் பிறகு எந்தத் துணைக்கருவி கைக்கு வந்தாலும் நான் அதனிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: இதில் காட்டியிருக்கும் பொருள் அடுத்து எங்கே போகிறது? விடை இல்லாத துணைக்கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் பீரோவுக்குப் போய்விடும்.

பீரோவில் அப்படி நிறையவே சேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அமைப்பினர் பெரிய பெட்டி நிறையக் கற்பித்தல் பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வழவழப்பான, லேமினேஷன் செய்த அட்டைகள். அவற்றில் நான்கு நிறத் தொட்டிகள். தொட்டிகளைத் தூக்க வரும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்தே இராத ஒரு வண்டி. வந்தவர்கள் பள்ளி வாசலில் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று ஒரு பிளெக்ஸ் பேனரும் கட்டினார்கள். பிளெக்ஸ் என்பது பிவிசி பூசிய துணி. பல மாதங்கள் கழித்து அதே பேனரை ஒரு மாணவியின் வீட்டுக் கட்டுத்தரையில் கூரைக்கு மேல் தார்ப்பாயாகப் பார்த்தேன். எழுத்துகள் தலைகீழாக இருந்தாலும் மழைக்கு நன்றாகத்தான் தாங்கியது. அந்தப் பெட்டி முழுவதிலும் அடுத்து எங்கே போனது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான்.

கைவினைப் பொருள் கண்காட்சிகள் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தண்ணீர் பாட்டிலை வெட்டி, பெயின்ட் அடித்து, ஜிகினா ஒட்டிப் பூச்சாடி செய்து வரும் குழந்தையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பூச்சாடி ஒரு மாதத்தில் குப்பைக்கு வரும்போது, பெயின்டும் பசையும் ஏறிய அதை எந்தப் பழைய பொருள் கடையிலும் எடுக்கமாட்டார்கள். வெறும் பாட்டிலாக இருந்தவரை அதற்குப் போக ஓர் இடம் இருந்தது. நாம் அழகு செய்து அந்த வழியை அடைத்துவிட்டோம். கழித்துப் போட்ட பொருள்களில் செய்யும் வேலைகளில் நான் விரும்பிச் செய்யவைப்பவை அரவிந்த் குப்தாவின் வழியில் வருபவை. பொம்மைகள் வழியே அறிவியல் கற்பிப்பவரும் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவருமான அவர், சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்யக் கற்றுக்கொடுப்பார். சதுரம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது. பவர்லூம் ஷெட்டுக் கூரையின் இரும்புச் சட்டம் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு அந்த நிமிடமே புரியும். பாடம் முடிந்ததும் கழற்றி வைத்தால் குச்சி குச்சியாகவும் டியூப் டியூபாகவும் அடுத்த வகுப்புக்கு இருக்கும்.

எல்லாச் சுவரிலும் எழுதியிருக்கும் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்ற பிரிவினையே முதல் தடையாக இருக்கிறது என்பது என் அனுபவம். (மட்கும் என்று எழுதுவதா மக்கும் என்று எழுதுவதா என்ற வழக்கை எங்கள் தமிழாசிரியரிடம் விட்டுவிடுகிறேன்.) தூய்மைப் பணியாளர்கள் வாங்குவதற்கு அந்தப் பிரிவினை வசதியானது, 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் மக்குபவை, மக்காதவை, வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவுகள் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. ஆனால் குழந்தைகள் மனத்தில் மக்குவது நல்லது, மக்காதது கெட்டது என்று பதிந்துவிடுகிறது. அப்படியானால் இரும்பும் கண்ணாடியும் அலுமினியமும் கெட்ட பட்டியலில் அல்லவா வந்து சேரும்? உருக்கி உருக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடியவை அவைதான். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதுப் பொருள் செய்ய, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் தேவைப்படுகிறது. ஆகவே எங்கள் வகுப்பில் பிரிவினையை மாற்றிக்கொண்டோம்: மண்ணுக்குப் போவது, கடைக்குப் போவது, போக இடம் இல்லாதது. ஊசி, பேட்டரி, காலாவதியான மாத்திரை ஆகியவற்றை மாணவர்கள் தொடக் கூடாது என்பது தனி விதி.

கடைக்குப் போவது என்ற பகுதிக்கு நான் பரிந்துரைக்கும் முதல் துணைக்கருவி ஒரு கொக்கித் தராசு. இரண்டாவது, பக்கத்துப் பழைய இரும்புக் கடையின் விலைப்பட்டியல். கடைக்காரர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்து சார்ட்டில் ஒட்டுவார்கள்: செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அட்டைப் பெட்டி, இரும்பு, தகரம், பித்தளை, அலுமினியம், பெட் பாட்டில், பால் கவர். விலைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் மாதம் ஒருமுறை பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த ஒரு தாளில் இருந்து எழும் கேள்விகள் ஒரு பருவத்துக்குப் போதுமானவை. இரும்புக்கும் தகரத்துக்கும் ஏன் ஒரே விலை இல்லை? செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு ஏன் அவ்வளவு விலை? சாம்பார் கொட்டிய அட்டையை ஏன் ஒதுக்கிவிடுகிறார்? காகித நார் ஒவ்வொரு முறை கூழாகும்போதும் குட்டையாகிறது, ஐந்தாறு சுற்றுக்கு மேல் தாங்காது என்பதையும் எண்ணெய்ப் பிசுக்கு கூழைக் கெடுத்துவிடும் என்பதையும் நான் அதற்குப் பிறகுதான் சொல்கிறேன். முன்கூட்டியே சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை.

பிளாஸ்டிக்குக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். பாட்டிலின் அடியில் முக்கோண அம்புக்குள் இருக்கும் எண்ணைத் தேடச் சொல்வேன். மறுசுழற்சி ஆகிவிடும் என்பதற்கான உத்தரவாதம் என்று அந்த முத்திரையைப் பலரும் எண்ணுகிறார்கள். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த அந்த எண் எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்கிறது. தண்ணீர் பாட்டில் 1, ஷாம்பு டப்பா பெரும்பாலும் 2, டிபன் டப்பா 5, தெர்மாகோல் 6. பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலைச் சிறு துண்டுகளாக வெட்டி, அதன் மூடியையும் வெட்டி, இரண்டையும் வாளியில் போட்டுக் கலக்கச் சொல்வேன். பாட்டில் துண்டுகள் முழுகும், மூடித் துண்டுகள் மிதக்கும். பாட்டில் செய்யும் பெட் (PET) வகை பிளாஸ்டிக்கின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம், மூடி செய்யும் பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் வகைகளின் அடர்த்தி குறைவு. ஆலைகளிலும் தொட்டித் தண்ணீரில் இதே முறையில்தான் பிரிக்கிறார்கள் என்று சொன்னதும், ஒரு மாணவி வாளியையே சற்று மரியாதையாகப் பார்த்தாள்.

எங்கள் பகுதிக்கே உரிய துணைக்கருவி என்றால் அது வேஸ்ட் குடோன்தான். முதலில் பெற்றோரின் கையெழுத்தும் முதலாளியின் அனுமதியும் வாங்கிக்கொண்டு எட்டாம் வகுப்பை அழைத்துப் போனேன். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்த பெண்கள் அதைக் கண்ணால் பார்த்த கணத்தில் நிறம் பிரித்துப் போடுகிறார்கள். சிவப்பு என்று நாம் சொல்வதை அவர்கள் நான்கு குவியலாகப் போட்டார்கள். எனக்கு இரண்டுக்கு மேல் வேறுபாடு தெரியவில்லை. தைத்த துண்டுகள் வந்தால், மரக்கட்டையில் பொருத்திய கத்தியில் இழுத்து, தையலையும் லேபிளையும் அறுத்துத் தனியாக எறிகிறார்கள். எதற்காக என்று கேட்டபோது, அங்கிருந்த மூத்த அம்மா, "நூலு போனா மில்லுல மிசின்ல சுத்திக்குங் அம்மிணி. துணி வேறங், நூலு வேறங்" என்றார். அந்தப் பதிலின் முழுப் பொருள் எங்களுக்குப் பல மாதங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

பிரித்த துணி பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கத்து ஓ.இ. மில்களுக்குப் போகிறது. ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும் இந்த மில்கள் மற்ற நூற்பாலைகளில் மிஞ்சும் கழிவுப் பஞ்சையும் துணியைக் கிழித்துப் பெறும் பஞ்சையும் கொண்டு தடித்த நூலை நூற்கின்றன. பெட் பாட்டிலிலிருந்து எடுத்த இழையையும் அதோடு கலப்பதுண்டு. அந்த நூல் போர்வையாக, துண்டாக, தரை துடைக்கும் துணியாக, கையுறையாக மாறுகிறது. நிறம் பிரிப்பதன் அருமை இங்கேதான் விளங்கும்: நீலத் துணியைக் கிழித்து நூற்றால் நீல நூல் வருகிறது, அதற்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயம் போட வேண்டியதில்லை என்பது நொய்யல் கரையில் சாதாரணச் செய்தி அன்று. 1992-இல் சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு நீரின் தேக்கமாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், பிறகு கழிவு நீரை வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டியிருந்ததையும் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்களில் இருவரை வகுப்புக்கு அழைத்து உட்காரவைத்தேன். அதைவிட நல்ல காணொளி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

வேறு ஊர்களில் இருக்கும் ஆசிரியர்கள் திருப்பூருக்கு வர வேண்டியதில்லை. கரூர்ப் பிள்ளைகளுக்குப் புகளூர் காகித ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1980-களின் நடுப்பகுதியிலிருந்து காகிதம் செய்கிறார்கள், ஊருக்கே காகிதபுரம் என்று பெயர். பொள்ளாச்சியில், ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோல் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவு இன்று கட்டி கட்டியாக அமுக்கப்பட்டு, செடி வளர்க்கும் ஊடகமாகக் கப்பல் ஏறுகிறது. கோவையில் எந்தத் தெருவில் கேட்டாலும் பவுண்டரிக்குப் போகும் ஒருவர் இருப்பார். உடைந்த இரும்பு மோட்டார் பம்ப் ஆகும் கதையை அவர் சொல்வார். வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குக்கு மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். அங்கே போய்த் திரும்பிய குழந்தைக்கு நாற்றமும் அருவருப்புமே நினைவிருக்கும், அந்த அருவருப்பு கடைசியில் அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் போய் விழும்.

மண்ணுக்குப் போவது பற்றிச் சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சேர்ந்து மூன்று ஆண்டுகள் வரை எங்கள் பள்ளியிலும் சனிக்கிழமைதோறும் சருகைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டுதான் இருந்தோம். சருகோடு மிட்டாய்க் காகிதமும் கவரும் சேர்ந்தே எரிந்தன. சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பாசிரியையும் நானேதான். பிறகு வேப்பமரத்தடியில் நீளமும் அகலமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு குழி எடுத்தோம். சத்துணவுக் கூடத்தின் காய்கறித் தோல் ஓர் அடுக்கு, சருகு இரண்டு அடுக்கு, மேலே ஒரு கூடைச் சாணக் கரைசல். வாரத்தில் ஐந்து நாள் முட்டை போடுவதால் ஓடுக்குப் பஞ்சமே இல்லை, நொறுக்கிப் போடுகிறோம். ஆய்வகத்து நீண்ட வெப்பமானியை மூங்கில் குழாய்க்குள் விட்டுக் குழியின் நடுவில் இறக்கினால், நான்காம் ஐந்தாம் நாளில் பாதரசம் 50 பாகையைத் தாண்டும். அடுப்பு இல்லாமல் சூடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடையாக நுண்ணுயிரிகளைச் சொல்லும்போது அவர்கள் நம்புகிறார்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இறக்கி வெடிக்கவைத்த குழுவும் உண்டு. அந்த மண்ணை அள்ளி அகற்றவே ஒரு நாள் ஆயிற்று.)

அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் புதைப்புத் தோட்டம் இருக்கிறது. ஆளுக்கொரு பொருளை மண்ணில் புதைத்து, மேலே பெயர் எழுதிய குச்சியை நட்டு, ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு, மாதம் ஒருமுறை தோண்டிப் பார்த்து எழுத வேண்டும். வாழையிலை, செய்தித்தாள், பேப்பர் டீ கப், கேரி பேக், சணல் கயிறு, ஒரு பழைய வெள்ளைப் பனியன். வாழையிலை முதல் மாதமே காணாமல் போனது. டீ கப்பில் காகிதம் கரைந்து, உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம், பாம்புச் சட்டை போல, கப்பின் வடிவத்திலேயே நின்றது. அதைப் பார்த்த நாளிலிருந்து பேப்பர் கப் நல்லது என்று எங்கள் பள்ளியில் யாரும் சொல்வதில்லை.

நான்காம் மாதம் பனியனைத் தோண்டினோம். குச்சி நட்ட இடத்தில் துணியே இல்லை. மண்ணைக் கையால் உதறிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "டீச்சர், இழுக்காதீங்க" என்று கத்தினாள். கழுத்து வளையம், இரண்டு தோள்கள், பக்கவாட்டுத் தையல், கீழ் மடிப்பு என்று பனியனின் கோட்டுருவம் முழுவதும் மண்ணுக்குள் நூலாக மட்டும் கிடந்தது. பருத்தி போய்விட்டது, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் போட்ட பாலியெஸ்டர் நூல் ஒரு பிசிறு விடாமல் இருந்தது, கூடவே லேபிளும். அரை மணி நேரம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மண்ணைக் கரைத்து, அந்த உருவத்தைக் கலையாமல் ஓர் அட்டையில் எடுத்து ஒட்டினார்கள். "துணி வேறங், நூலு வேறங்" என்று குடோனில் கேட்டது அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. பருத்தி நூலிலேயே தைத்தால் என்ன என்று ஒருவன் கேட்டான். தன் அம்மா ஓவர்லாக் டெய்லர் என்று சொன்ன மாணவி வீட்டில் கேட்டு வந்தாள்: அந்த வேகத்துக்குப் பருத்தி நூல் அறுந்துகொண்டே இருக்கும், பீஸ் ரேட்டுக்குக் கட்டுபடி ஆகாது.

அந்த நூலும் லேபிளும் சேர்ந்த இடம்தான் வகுப்பறை மூலையில் இருக்கும் மூன்றாவது பெட்டி. எக்ஸ்போர்ட் அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் 'போக இடம் இல்லாதவை' என்று எழுதி வைத்திருக்கிறோம். மண்ணும் ஏற்காத, கடைக்காரரும் எடுக்காத பொருள்கள் அதில் சேரும். ஒவ்வொன்றையும் போடுமுன் கடைக்காரரிடம் ஒருமுறை காட்டி, அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. அவரும் பொறுமையாகப் பார்த்துச் சொல்கிறார், கழுவிக் காயவைத்த பால் கவரைத் திருப்பி எடுத்துக்கொண்டதும் உண்டு. உள்ளே வெள்ளி நிறத் தாள் கொண்ட சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, டீ கப், இவற்றைவிடவும் மிகுதியாக எழுதித் தீர்ந்த பேனாக்கள். குழாய் ஒரு பிளாஸ்டிக், ரீபில் இன்னொன்று, முனை உலோகம். பிரித்தெடுக்கும் கூலிக்குக்கூட விலை கிடைக்காது. இரண்டாம் பருவத்தில் பேனாக்களை எண்ணிப் பார்த்த பிறகு ஒன்பது பேர் மைப் பேனாவுக்கு மாறினார்கள். சட்டைப் பையில் மை கொட்டி வீட்டில் திட்டு வாங்கி அதில் நான்கு பேர் திரும்பிவிட்டார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை அந்தப் பெட்டிக்கு மேல் ஒட்டியிருக்கிறோம். பெட்டியில் விழுகிற எவையெவை அந்தப் பட்டியலில் உள்ளன, எவை இல்லை என்று பார்ப்பது ஏழாம் வகுப்பின் வேலை.

இப்போது பெட்டி நிறைந்து மூடியை மூட முடியாமல் இருக்கிறது. ஆறாம் வகுப்பு இதைவிடப் பெரிய பெட்டி வேண்டும் என்கிறது. பெட்டி இதே அளவில்தான் இருக்க வேண்டும், அடுத்த ஆண்டு இது நிறைய இன்னும் அதிக நாள் ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பு சொல்கிறது. நிறைந்த பெட்டியை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு வகுப்புமே இன்னும் விடை சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்திருக்கிறேன். தராசையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.